உத்திரத்தை உத்திரமாகவே ஏற்றுங்கள்

(அந்தியூரில் வீடு கட்டுவோரும் பொறியாளர்களும் மர ஆசாரிமார்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பெரியவர்களுக்கும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் ஆசாரிமார்களுக்கும் கொத்தனார்களுக்கும், புது வீட்டு வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

என்ன தலைப்பு என்று கேட்டபோது 'பழைய மரம்' என்று சொல்லியிருந்தேன். அழைப்பிதழில் 'பழமையைப் போற்றுவோம்' என்று அச்சாகி வந்திருக்கிறது. பரவாயில்லை. ஆனால் நான் போற்றுவதற்கு வரவில்லைங்க. ஓட்டு வீட்டில் தலைக்கு மேலே கிடக்கிறதே, அந்த உத்திரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது என்ன நீளம், என்ன சுமை தாங்கும், எங்கே அறுக்கலாம், எங்கே அறுக்கவே கூடாது என்பதுதான் பேச்சு.

அந்தியூர், பவானி, கோபி வட்டாரத்தில் ஓட்டு வீடுகள் குறைந்துகொண்டே வருவதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1982-இல் சிமெண்ட் மீதான அரசுக் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. 1989-இல் முழுக்க விலகியது. அதுவரை பர்மிட்டுக்கு அலைந்து மூட்டைக் கணக்கில் வாங்கியவர்களுக்கு, கேட்ட அளவு கடையிலேயே கிடைத்தது. தார்சு வீடு, அதாவது கான்கிரீட் கூரை வீடு என்றால் கௌரவம், ஓட்டு வீடு என்றால் இல்லாமை என்று ஆயிற்று. அன்று தொடங்கிய இடிப்பு இன்னும் ஓயவில்லை. மகன் கை வைக்காமல் விட்டிருந்தால் பேரன் வைக்கிறான்.

இடிக்கிற முறைதான் என் முதல் கவலை. நம் ஊரில் ஒப்பந்தம் எப்படி நடக்கிறது? 'பழைய வீடுகள் இடித்துத் தரப்படும்' என்று பலகை வைத்திருப்பவர் வந்து சுற்றிப் பார்ப்பார். கூலி வேண்டாம் என்பார், அல்லது அவரே ஒரு தொகையை நம் கையில் கொடுப்பார். வீட்டில் இருக்கும் பொருளெல்லாம் அவருடையது. நிலவு எனும் வாசற்கால், கதவு, ஜன்னல், தூண் இவை பத்திரமாகக் கழலும், ஏனென்றால் அவற்றுக்கு உடனே ஆள் இருக்கிறது. ஓடு இறங்கும். பிறகு ஜே.சி.பி. வரும். உத்திரத்தின் நிலைமைதான் பரிதாபம். இழுத்துக் கீழே தள்ளுவார்கள். வண்டிக்கு நீளமாக இருந்தால் நடுவில் சங்கிலி ரம்பம் வைப்பார்கள். 14 அடி உத்திரம் 7 அடித் துண்டு இரண்டாகிவிடும். ஏழடி அகலத்தில் நாம் கட்டுவது குளியலறை ஒன்றைத்தான். அந்தத் துண்டுக்கு இனிமேல் உத்திர வேலை கிடையாது. மேசைக்குப் போகும், இல்லையென்றால் செங்கல் சூளைக்கோ கல்யாண மண்டபத்து அடுப்புக்கோ போகும்.

நான் இன்று வலியுறுத்த வந்தது ஒன்றே ஒன்று. பழைய உத்திரத்துக்கு முதல் வேலை மறுபடியும் உத்திர வேலைதான். அந்த நீளத்துக்கு அதை ஏற்ற முடியாவிட்டால், அழுகிய முனையை மட்டும் வெட்டிவிட்டு அடுத்த குறைந்த நீளத்துக்கு ஏற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் படிக்கட்டுப் பலகை, ஜன்னல் மேல்சட்டம். சாப்பாட்டு மேசையும் சுவர் அலமாரியும் அதற்குப் பிறகு. இப்போது நடப்பது தலைகீழ். அழகான பழைய மரம் என்றாலே முதலில் மேசைக்குத்தான் அறுக்கிறார்கள்.

இந்த மரமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். நம் தலைக்கு மேலே பர்கூர் மலை இருக்கிறது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்து காடுகளுக்கு எல்லைக்கல் நடப்படும் முன்பு, அடிவாரத்து ஊர்களுக்கு மலைதான் மரக்கடை. தேக்கு, வேங்கை, மருது, ஆச்சா என்று வந்தன. ஆச்சா மரம் எத்தனை கனம் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும். வைரம் பாய்ந்த துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். இந்தியாவின் மிகக் கனமான மரங்களில் அது ஒன்று. 1862 வாக்கில் சென்னையிலிருந்து ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்குக் கரையின் பேப்பூர் வரை ரயில் பாதை முடிந்தபோது மலபார் மரத்துக்கும் வழி திறந்தது. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் தொடங்கிய ஓட்டுத் தொழில் கோழிக்கோடு, பரோக் வரை பரவியது. உங்கள் வீட்டு ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், பரோக் என்றோ கள்ளிக்கோட்டை என்றோ முத்திரை இருந்தாலும் இருக்கும். தெற்கே ஆனைமலையில் மரத்தை மலையுச்சியிலிருந்து சரிய விட்ட இடத்துக்குத்தான் டாப்ஸ்லிப் என்று பெயர். வசதியான பண்ணையக்காரர்கள் பர்மாத் தேக்கு வாங்கிப் போட்டார்கள். வசதி குறைந்தவர்கள் தங்கள் வரப்பில் நின்ற பனையை நம்பினார்கள். பனையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைத் தனியாகப் பேச வேண்டும்.

அதே மரத்தை இன்று புதிதாக வாங்க முடியுமா? 1996 டிசம்பர் 12-ஆம் தேதி கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பிறகு, அனுமதிக்கப்பட்ட செயல்திட்டம் இல்லாமல் காடுகளில் மரம் வெட்ட முடியாது. பர்மா, அதாவது மியான்மர், 2014 ஏப்ரல் 1 முதல் உருண்டை மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கடையில் இன்று கிடைக்கும் தேக்கில் பெரும்பங்கு தோட்டத்தில் வளர்த்து, சின்ன வயதில் வெட்டியது. அதில் வெள்ளை எனும் வெளிமரம் அதிகம், சேகு எனும் வைரமரம் குறைவு. தேக்கின் சேகில் பூச்சி எளிதில் இறங்காது; வெள்ளையை வண்டு தின்றுவிடும். உங்கள் பாட்டனார் வீட்டில் கிடக்கும் 6-க்கு 8 அங்குல உத்திரம் முழுக்கச் சேகாக இருக்கிறது என்றால், அந்தத் தரத்தில் இன்னொன்று வாங்குவது லேசான காரியமில்லை. அது 12 அடி நீளம் என்றால் சரியாக 4 கன அடி. தேக்கு என்றால் 70 கிலோவுக்குக் குறையாது. காய்ந்த மரத்தின் எடையில் பாதி கரி. இந்த ஒற்றை உத்திரத்துக்குள் 100 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்கான கரி அடைந்து கிடக்கிறது. சூளையில் போட்டால் அன்றைக்கே அத்தனையும் வானத்துக்குப் போய்விடும்.

நம் முன்னோர் மரத்தை வீணாக்கியதில்லை என்று மேடைகளில் சொல்லுவார்கள். அதில் பாதிதான் உண்மை. காட்டை அழித்ததும் அவர்கள் காலத்தில்தான். ஆனால் அறுத்த மரத்தை அவர்கள் இறக்கிக்கொண்டு வந்த முறை ஒன்று உண்டு. ஆசாரத்து, அதாவது கூடத்து உத்திரம் முனை கெட்டால் தோட்டத்துச் சாளைக்குப் போகும். சாளையில் கெட்டால் மாட்டுக் கட்டுத்தரைக்குப் போகும். அங்கேயும் ஆகாதென்றால் பட்டிக்குப் படல் கால். கடைசியில்தான் பொடக்காளி, அதாவது புழக்கடை அடுப்பு. ஒரு மரம் மூன்று தலைமுறைக்குக் கீழே கீழே இறங்கி வரும். நாம் இப்போது மேலிருந்து நேராக அடுப்புக்குத் தாவுகிறோம்.

சரி, மரத்தைப் பார்ப்பது எப்படி?

ஆடி மாதம் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும்போது, வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசு சொல்லுகிறவர்கள் இருக்கும் ஊர் இது. உத்திரத்தில் அப்படிப் பார்க்க வேண்டிய இடம் சுவருக்குள் புதைந்து கிடந்த இரண்டு முனைகள். நடுமரம் எப்போதும் காற்றாடிக் காய்ந்தே இருக்கும். மழையில் சுவர் உறிஞ்சிய ஈரம் முனையில்தான் தேங்கும். கரையான் ஏறுவதும் சுவர் வழியாகத்தான். வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்ட் பளபளக்கும். உள்ளே மாவாக இருக்கும். கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே முனையிலிருந்து நடுவுக்கு வாருங்கள். கணீர் என்று கேட்கும் இடத்திலிருந்து மரம் நல்லது. சந்தேகமாக இருந்தால் மெல்லிய துளை ஒன்று போட்டு வெளியே வரும் தூளைப் பாருங்கள். சுருள் சுருளாக வந்தால் சரி. மாவாகக் கொட்டினால், மரத்தின் நிறம் மாறியிருந்தால், இன்னும் ஓரடி தள்ளித் தட்டுங்கள்.

முனை கெட்டது என்பதற்காக உத்திரத்தையே ஒதுக்குவதுதான் பெரிய நஷ்டம். 12 அடி உத்திரத்தில் இரு பக்கமும் ஒவ்வோர் அடி வெட்டினால் 10 அடி மிஞ்சும். நீளம் குறைந்ததால் அது பலவீனமாகிவிடவில்லை. அடிக்கு இவ்வளவு என்று பரவி விழும் சுமையை, 12 அடி இடைவெளியில் தாங்கியதைவிட 10 அடி இடைவெளியில் ஏறக்குறைய 1.44 மடங்கு தாங்கும். இடைவெளியின் இருமடிக் கணக்கில் வளைவு விசை குறைகிறது என்பது காரணம். பெரிய ஆசாரத்தில் கிடந்தது ஒரு படுக்கையறைக்கு நிம்மதியாக வந்து உட்காரும்.

வெடிப்பைக் கண்டு பயப்படுகிறவர்கள் அதிகம். நார்ப்போக்கிலேயே நீளவாக்கில் ஓடும் வெடிப்பு, மரம் காய்ந்தபோது வந்தது. அதற்குப் பயப்பட வேண்டாம். உத்திரத்தின் அடிப்புறத்தில், நடுப்பகுதியில், குறுக்காகவோ சாய்வாகவோ ஒரு வெடிப்பு தெரிந்தால் அந்த மரத்தை மேலே ஏற்றாதீர்கள். நாரே அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அடிப்புற நடுவில் பெரிய கணு இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

தொய்ந்த உத்திரத்தைக் கவிழ்த்துப் போடுவது ஆசாரிமார் அறிந்த பழக்கம். தொய்வு மேல்நோக்கி வந்துவிடும், மறுபடி சுமை ஏறும்போது நேராகும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் கவிழ்க்கும் முன் மேல்முகத்தைப் பாருங்கள். பழைய கூரையில் கைகள், அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டங்கள் வந்து உட்காருவதற்காக மேல்முகத்தில் வெட்டுவாய் எடுத்திருப்பார்கள். மேல்பக்கம் அமுங்கும் பக்கம் என்பதால் அது அங்கே பெரிய கேடு செய்யவில்லை. கவிழ்த்தால் அந்த வெட்டுவாய் இழுபடும் பக்கத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு வெட்டும் ஒரு வெடிப்புக்கு ஆரம்பம். வெட்டுவாய் இல்லாத உத்திரத்தைக் கவிழ்க்கலாம். இருந்தால் தொய்வோடேயே ஏற்றி, மேலே கட்டை வைத்து மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுப்பதைப் பற்றி ஒரு கணக்கு. பொறியாளர்களுக்குத் தெரிந்ததுதான், வீட்டுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். மரத்தின் விறைப்பு அகலத்தைப் பொறுத்து நேராகவும், உயரத்தைப் பொறுத்து மும்மடியாகவும் கூடும். 6 அங்குல அகலம், 8 அங்குல உயரமுள்ள உத்திரத்தைச் செங்குத்தாகப் பிளந்து 3-க்கு 8 என்று இரண்டாக்கினால், ஒவ்வொன்றுக்கும் பழைய விறைப்பில் பாதி இருக்கும். மொத்தத்தில் ஒன்றும் போகவில்லை. அதே மரத்தைக் கிடைமட்டமாக அறுத்து 6-க்கு 4 என்று இரண்டாக்கினால், ஒவ்வொன்றுக்கும் எட்டில் ஒரு பங்குதான். இரண்டையும் சேர்த்தாலும் முக்கால் பங்கு காணாமல் போய்விட்டது! அறுவை மில்லுக்கு ஆளை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். எந்தப் பக்கம் ரம்பம் போகிறது என்று கூடவே நின்று பாருங்கள். அதற்கு முன் ஆணியெல்லாம் பிடுங்கியாக வேண்டும். மறைந்திருக்கும் ஒரு ஆணி ரம்பத்தைக் காலி செய்துவிடும். அதனாலேயே பழைய மரம் என்றால் அறுக்க மாட்டேன் என்கிற மில்காரர்கள் உண்டு. கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டரை மரத்தின் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுபோனால் பேச்சுக்கு இடமில்லை.

இன்ன மரம் என்று பிடிபடவில்லை என்றால் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கோவைக்குப் போங்கள். வனக் கல்லூரி வளாகத்தில் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. மர மாதிரிகளைப் பார்த்தே ஒரு நாளைக் கழிக்கலாம். மரம் எது, எந்தத் தரம் என்று தெரிந்துவிட்டால் ஐ.எஸ். 883 என்ற இந்தியத் தர நெறியை வைத்து உங்கள் பொறியாளர் சுமைக் கணக்குப் போட்டுவிடுவார். 'பழைய மரம், கணக்கு வராது' என்று ஒரு பொறியாளர் சொன்னால், இன்னொருவரிடம் கேளுங்கள். இந்த அவையில் இருக்கும் பொறியாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது பனை. அந்தியூர்ப் பக்கம் ஓட்டு வீடுகளில் கைகள் பாதிக்குப் பாதி பனங்கைதான். தேக்கைப் பற்றிச் சொன்ன எதையும் இதற்கு அப்படியே பொருத்தாதீர்கள். தேக்குக்கு வைரம் உள்ளே. பனைக்கு வைரம் வெளியே. பட்டையை ஒட்டிய கருநார் அடுக்குதான் பலம். உள்ளே போகப் போகச் சோறு. முற்றிய மரத்தைப் பிளந்து, சோற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வெளிவளையத்தை மட்டும் கையாகப் போட்டார்கள். இன்று வீட்டு அலங்காரம் செய்கிறவர்கள் பனங்கையை மேசை மெஷினில் கொடுத்து நான்கு பக்கமும் இழைத்து, கருப்பும் பழுப்புமாகக் கோடு தெரிகிறது பாருங்கள் என்று காட்டுகிறார்கள். கோடு அழகுதான். இழைத்துத் தள்ளிய தூளோடு பலமும் போய்விட்டது. பனங்கையைக் கூரைக்கே மறுபடி போடுவதாக இருந்தால் வெளிமுகத்தில் உளி படக் கூடாது. கம்பித் தூரிகையால் தேய்த்து அழுக்கையும் கரையான் மண்ணையும் எடுத்தால் போதும். 2021-இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. பனைக்கு நல்லது. ஏற்கெனவே வெட்டி எழுபது, எண்பது வருடம் ஓட்டைத் தாங்கி நிற்கும் பனங்கையை நீங்கள் அடுப்பில் வைத்தால், அதற்குப் பதில் கிடைக்காது என்பதும் அந்த அறிவிப்பின் இன்னொரு பக்கம்.

வீட்டு உள்ளலங்காரம் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். முழுக்க அப்படியும் இல்லை. 7 அடித் துண்டாக ஏற்கெனவே வெட்டுப்பட்ட மரத்துக்கு மேசையும் ஊஞ்சல் பலகையும் நல்ல பிழைப்பு. எனக்கு ஆகாதது ஒன்று உண்டு: கான்கிரீட் தளத்துக்கு அடியில், எதையும் தாங்காமல், பழைய உத்திரத்தை மெல்லிய பலகையாகச் சீவிப் பெட்டி மாதிரி ஒட்டி, உத்திரம் போலக் காட்டுவது. தாங்குகிற மரத்தை அறுத்துத் தாங்காத மரமாக மாற்றுவதற்குக் காசு கொடுக்கிறோம். உங்களுக்கு உத்திரம் கண்ணில் பட வேண்டும் என்றால், முன்வாசலுக்கோ ஆசாரத்துக்கோ மட்டும் ஒரு சாய்வுக் கூரை போட்டு, அதில் நிஜமாகவே சுமக்க விடுங்கள். மற்ற அறைகளுக்குத் தார்சு போட்டுக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை.

உள்ளே கொண்டுவரும் மரத்தில் பெயிண்டைக் கவனிக்க வேண்டும். பழைய எண்ணெய்ப் பெயிண்டுகளில் ஈயம் இருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி 2016-இல் எழுதப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சை, நீலம், சாம்பல் பூச்சுகளை மெஷின் வைத்துத் தேய்த்தால் தூள் வீடு முழுக்கப் பரவும்; குழந்தைகளுக்கு அது விஷம். வெளியில் வைத்து, ஈரப்படுத்தி, முகக்கவசம் போட்டுச் சுரண்டுங்கள். தூளைக் கூட்டி எரிக்காதீர்கள். சமையலறைக் கூரையில் கரி பிடித்த கைகளை வெள்ளையாக்க வேண்டும் என்று சிலர் அடம்பிடிக்கிறார்கள். புகை படிந்த மரத்தில் வண்டு எளிதில் ஏறுவதில்லை. துடைத்துவிட்டு அப்படியே விடலாம். பூச்சிக்கு மருந்து வேண்டும் என்றால் உள்ளறைகளில் போராக்ஸ்-போரிக் அமிலக் கரைசல், மழைத் தூவானம் படும் எரவாரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய். லாரி பட்டறையிலிருந்து கழிவு ஆயிலை வாங்கி வந்து படுக்கையறைக் கூரைக்கு அடிக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

'ஏனுங்க, மரம் தீப்பிடிச்சுக்காதுங்களா?' என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். பிடிக்கும். கனமான உத்திரம் மேலே கரியாகி, அந்தக் கரியே உள்ளே சூடு போகாமல் தடுக்கும். நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கரி உள்ளே போகும். அரை மணி நேரத்தில் 2 சென்டிமீட்டர். 6-க்கு 8 அங்குல மரத்தில் அதற்குப் பிறகும் கணிசமான மரம் நிற்கும். மூடாத இரும்பு, 550 டிகிரி செல்சியஸை எட்டும்போது தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை விட்டுவிடும். ரீப்பரும் மெல்லிய பலகையும் வேறு விஷயம், அவை சட்டென்று பற்றும்.

இன்னொரு கேள்வி மெதுவாகத்தான் வரும். ஒரு வீட்டு உத்திரம் இன்னொரு வீட்டுக்கு ஆகுமா? ஆகாது என்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த நம்பிக்கையோடு நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. சொந்த வீட்டு மரத்தைச் சொந்த வீட்டுக்கே போட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஜப்பானில் இசே என்ற ஊரில் நடப்பதைக் கேளுங்கள். அவர்கள் நாட்டின் மிகப் புனிதமான ஷிண்டோ ஆலயம் அங்கே இருக்கிறது. 20 ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து மனையில் அச்சு அசலாகப் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரிக்கிறார்கள். கடைசியாக 2013-இல் நடந்தது. பிரித்த மரத்தை எரிப்பதில்லை. முதன்மைத் தூண்கள் ஆலயத்துக்குப் போகும் உஜி பாலத்தின் இரு முனைகளிலும் தோரண வாசலாக நிற்கும். அங்கே 20 ஆண்டு நின்ற பிறகு வேறு ஊர்களுக்கு மறுபடி தோரண வாசலாகப் போகும். மற்ற மரங்கள் நாடெங்கும் உள்ள ஆலயங்களுக்குப் பங்காகும். சாமி வீட்டு மரம் வந்தது என்று வாங்கிக்கொள்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. டெபோரா தியாகராஜன் முன்னின்று உருவாக்கியது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் ஆரம்ப வடிவம் கொடுத்தார், பென்னி குரியாகோஸ் வேலையைக் கொண்டு நடத்தினார். கோதவர்மன் உத்தரவு வந்த அதே 1996 டிசம்பரில் திறந்தார்கள். இடிபட இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, அளந்து, வரைந்து, பிரித்து, கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று வரிசையாகப் பார்க்கலாம். குடும்பத்தோடு போகிறவர்கள் பொம்மலாட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆசாரிமார் போனால் அண்ணாந்து பார்ப்பார்கள். கேரளத்து வீட்டை அப்படிப் பெயர்த்து வர முடிந்ததற்கு ஒரு காரணம், கழுந்தும் துளையுமாக, மர ஆணி போட்டு இணைத்த கூரை. கழற்றுவதற்கென்றே செய்தது போல இருக்கும். நம் பக்கத்துக் கூரையில் இரும்பு ஆணி கூடுதல், ஆகவே பொறுமையும் கூடுதலாக வேண்டும்.

காரைக்குடியில் நிலைமை வேறு. முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகக் கடைகள். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தூண், நிலவு, கதவு, பீங்கான் என்று எல்லாம் கிடைக்கும். அந்தச் சந்தை இல்லையென்றால் அத்தனையும் சாம்பலாகியிருக்கும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சந்தை இருப்பதால்தான் நன்றாக இருக்கும் வீட்டையும் இடிக்கத் தோன்றுகிறது என்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. இடிப்பு அதற்குப் பிறகும் நின்றுவிடவில்லை. ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிற்கக்கூடிய வீட்டை மரத்துக்காக இடிக்கச் சொல்லி நான் வரவில்லை. ஓடு மாற்றி, எரவாரம் செப்பனிட்டால் இருபது வருடம் ஓடும் என்றால் அதைத்தான் முதலில் செய்யுங்கள்.

அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரம் 2016-இல் சட்டமே போட்டது. 1916 அல்லது அதற்கு முன் கட்டிய வீடு என்றால் இயந்திரம் விட்டு நொறுக்கக் கூடாது, கையால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். பிறகு 1940 வரை கட்டிய வீடுகளுக்கும் நீட்டினார்கள். நம்மிடமும் 2016-இல் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள் வந்தன. மரத்தையும் பிரித்து வைக்கச் சொல்லின. அவை பெரிய இடிப்புகளை மனதில் வைத்து எழுதியவை. அந்தியூர் ஓட்டு வீட்டுக்கு யாரும் வந்து கேட்கப் போவதில்லை. அதனால் சட்டத்தை எதிர்பார்க்காமல் ஒப்பந்தத்தில் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

என்ன எழுதுவது? உத்திரம், முகட்டு வளை, கைகள் வீட்டுக்காரருடையவை, மற்றதெல்லாம் இடிப்பவருடையவை. கூரை முழுக்கக் கையால் இறங்கிய பிறகே ஜே.சி.பி. வாசலுக்குள் வர வேண்டும். எந்த மரத்தையும் வீட்டுக்காரரைக் கேட்காமல் நீளத்தில் வெட்டக் கூடாது. இடிப்பவர் தரும் தொகை குறையும், கூலியும் கேட்பார். கொடுங்கள். அந்த உத்திரங்களைப் புதிதாக வாங்கும் விலையோடு வைத்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

இறக்கும் முன்பே ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதி, நீள அகல உயரம் குறித்து ஒரு பட்டியல் எடுங்கள். பின்வரிசைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பட்டியல் உங்கள் பொறியாளர் கைக்கு வரைபடம் போடுவதற்கு முன்னால் போக வேண்டும். பத்தடி உத்திரம் எட்டு இருக்கிறது என்று தெரிந்தால் அறையைப் பத்தடிக்கு உட்பட்டு அவர் போடுவார். பதினொன்றரை அடி அறையை வரைந்து முடித்த பிறகு நீங்கள் மரத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் என்ன செய்வார்? பழைய வீடுகளில் மரத்தின் நீளம்தான் அறையின் அகலத்தை முடிவு செய்தது. சுவரில் உட்காரும் முனைக்குக் குறைந்தது அரையடி வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முனைக்கடியில் ஒரு கல் வையுங்கள், சுற்றிலும் அரை அங்குலம் காற்றுக்கு விடுங்கள். சிமெண்ட் கலவையை முனையைச் சுற்றி அடைத்துப் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே அழுகும்.

மாசி, பங்குனியில் பிரியுங்கள். ஆடிக் காற்றில் கூரை மேல் ஆளை ஏற்றாதீர்கள். ஐப்பசியில் இறக்கினால் மரம் நனையும். இறக்கியதைத் தரையில் போடாமல், கல் வைத்து உயர்த்தி, அடுக்குக்கு அடுக்கு குறுக்குச் சட்டம் கொடுத்து, மேலே மட்டும் மூடுங்கள். வேறு ஊருக்கு ஏற்றிப் போவதாக இருந்தால், நாம் காட்டை ஒட்டி இருக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். தேக்கோ ஈட்டியோ சோதனைச்சாவடியில் நின்றால் பழையது புதியது என்று வாயால் சொல்லி முடியாது. வீட்டு வரி ரசீது, கூரையோடு எடுத்த புகைப்படம் இவற்றை வைத்து வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வெளித் திண்ணையில் இரண்டு உத்திரம் போட்டிருக்கிறோம். ஒன்று தேறும், ஒன்று தேறாது. டீ குடித்துக்கொண்டே தட்டிப் பாருங்கள். வீட்டுக்காரர்கள் முதலில் தட்டட்டும்; ஆசாரிமார் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.